பன்னிரண்டாவது கிண்ணம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் சாதாரண தரம் வரைக்கும்தான் படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியவை கடைக்குக் கொடுத்தனுப்பும் சாமான் துண்டுகளும் மகளின் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய லீவுக் கடிதங்களும்தான். லீவுக் கடிதத்திலும் பதின்மூன்று வருடமாகக் காய்ச்சல் என்ற ஒரே காரணத்தையே எழுதிவந்தேன். வேறு நோய்களுக்கு எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்று பயம். இப்படிப்பட்டவள் நாலுபேர் வாசிக்கவென்று எழுத உட்காருவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒரு கிண்ணத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வராது. ஆட்கள் கூடியிருக்கும் இடத்தில் என் குரல் தொண்டையைத் தாண்டாது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் தொடங்குகிறேன்.

வகுப்பில் சேர்ந்தது நானாகச் செய்த காரியமில்லை. மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருந்தாள். வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைக்குப் பொழுது போகாவிட்டால் உம்மாவைத் திருத்தப் பார்க்கும். ஒருநாள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“உம்மா, உங்கட பேரப் போட்டுட்டன்.”

“எதுக்கு?”

“சுற்றாடல் வகுப்பு. குப்ப, மரம், தண்ணியப் பத்தி. ஏழு சனிக்கிழம. நூலகத்துக்கு மேல்மாடி. காசில்ல.”

“எனக்கென்னகா சுற்றாடலப் பத்தித் தெரியும்?”

“தெரியாதவங்களுக்குத்தானே வகுப்பு. தெரிஞ்சவங்க எதுக்கு வாற?”

இவளின் வாப்பா முற்றத்தில் மோட்டார்சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தாமலே, “போகட்டும் புள்ள. உம்மா நாலு பேரோட கதைக்கப் பழகட்டும்” என்றார். தண்ணீர் கேற்றைத் தாண்டி எங்கள் ஒழுங்கைத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுற்றாடல் வகுப்புக்குப் போகவேண்டியவர் யார் என்று அப்போதே கேட்டிருக்கலாம். எனக்கு அது இரவுதான் ஞாபகம் வந்தது. எனக்குப் பதில்கள் எப்போதும் இரவில்தான் வரும்.

முதல் சனிக்கிழமை மகளும் கூட வந்தாள். இரண்டாவது சனிக்கிழமை அவளுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு வந்துவிட்டது. நான் தனியே போய்க் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தேன். அங்கே காற்றாடிக் காற்று வராது. ஆனால் டீச்சரின் கண்ணும் அவ்வளவாக வராது.

டீச்சர் காரைதீவுப் பிள்ளை. என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். ஸ்கூட்டியில் வருவார். தலையில் இருந்து ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்த கையோடு பாடத்தைத் தொடங்கிவிடுவார். இருபது பேரளவில் இருந்தோம், பெரும்பாலும் பெண்கள். முன்வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரக் காக்கா ஒருவர்; மூத்த ஆண்களை அண்ணன் முறையில் காக்கா என்போம். எந்தக் கேள்விக்கும் முதலில் கை உயர்த்துகிறவர் அவர்தான். டீச்சர் கேள்வியை முடிக்க முன்னமே கை போய்விடும். பிறகு கேள்வி என்னவென்று அவரே டீச்சரிடம் கேட்பார்.

நிலைபேறு என்பதற்கு டீச்சர் கொடுத்த விளக்கம் எனக்குப் பிடித்தது. நாம் இன்றைக்குச் சாப்பிடுவது நாளைக்கு வருகிறவனின் பீங்கானிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் என்றார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய சொல்லா என்று நினைத்தேன்.

மூன்றாவது வகுப்பில் சுவரில் ஒரு படம் காட்டினார். நம்முடைய பக்கத்துக் குப்பை மேடு. அதன் நடுவில் ஒரு யானை. அதன் வாயிலிருந்து பச்சை நிற சொப்பிங் பேக் ஒன்று தொங்கியது. சோறு, மரக்கறி மணத்துக்கு வந்து பையோடு சேர்த்து விழுங்கிவிடுகின்றன, பிறகு வயிறு அடைத்துச் செத்துப்போகின்றன என்றார் டீச்சர். தபால்காரக் காக்கா கையை உயர்த்தினார்.

“டீச்சர், அந்தப் பச்ச பேக்கு எங்கட ஒழுங்கையில உள்ள கடைட மாதிரிக் கிடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பச்சைப் பை எங்கள் வீட்டுச் சமையல் குசினியின் கதவுக்குப் பின்னாலும் ஒரு கட்டு இருந்தது.

அந்தக் கிழமை வீட்டுவேலையாக, ஏழு நாளைக்கு வீட்டுக்கு வரும் பொலித்தீன் எல்லாவற்றையும் எறியாமல் சேர்க்கச் சொன்னார்கள். மீன் வந்த பை நாறுமே என்று நான் ஒவ்வொன்றையும் கழுவி உடுப்புக் கொடியில் காயப்போட்டேன். அடுத்த நாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ராத்தாவின் தலை எழும்பியது.

“என்ன புள்ள, சொப்பிங் பேக்குக்கெல்லாம் சவுக்காரம் போட்டுக் காயவிட்டிருக்காய். அயன் பண்ணியும் உடுத்துவியோ?”

“வகுப்புக்கு ராத்தா.”

“இதெல்லாம் ஒரு வகுப்பா? இதத்தான் நான் முப்பது வருஷமாச் செய்யிறன், எனக்கு ஒருத்தனும் சேர்ட்டிபிக்கேட் தரல்ல.”

ராத்தாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். இரத்த உறவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் ராத்தா, அதாவது அக்கா. நான் கலியாணம் முடித்து இந்த வளவுக்கு வீடு கட்டி வந்த நாளிலிருந்து, காலையில் முற்றம் கூட்டி முடிந்ததும் மதிலருகே கால்மணித்தியாலம் கதைப்போம். அவர் கதைப்பார், நான் கேட்பேன். நான் கூச்சப்படாமல் கதைக்கிற மிகச் சில ஆட்களில் ராத்தாவும் ஒருவர். அவர் வீட்டு முருங்கை மரத்தின் ஒரு கொப்பு எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதில் நான் கேட்காமலே இலை ஒடிப்பேன். அது வழக்கமாகிவிட்டது.

அவர்களுக்குப் பஜாரில் புடவைக்கடை இருந்தது. எல்லாவற்றுக்கும் விலை ஏறி, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அது மூடப்பட்டது. ராத்தாவின் மாப்பிள்ளை, அவர் கணவர்தான், இப்போது வேறொருவரின் கடையில் துணி அளந்து வெட்டுகிறார். ராத்தா அதைப் பற்றி மதிலருகே ஒரு நாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஐந்தாவது வகுப்பில் கடைசி வீட்டுவேலையைச் சொன்னார் டீச்சர். உங்கள் ஒழுங்கையில் ஒரு பழக்கத்தை, ஒன்றே ஒன்றை, மாற்றிப் பாருங்கள். என்ன நடந்தது என்று கடைசி வகுப்பில் ஐந்து நிமிடம் முன்னுக்கு வந்து சொல்லவேண்டும் என்றார். ஐந்து நிமிடம் என்றதும், அன்றைக்குக் காய்ச்சல் என்று ஒரு லீவுக் கடிதம் எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் எதை மாற்றலாம் என்பது உடனே மனதில் வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள்.

பெருநாளன்று எங்கள் ஒழுங்கையைப் பார்த்தால் தெரியும். குர்பானாக அறுக்கும் ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேர்வார்கள். இறைச்சி வந்து சேர்ந்ததும் வீட்டுக்கொரு பங்காகச் சொப்பிங் பேக்கில் கட்டி, சொந்தக்காரருக்கும் அயல் வீடுகளுக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புவோம். நாங்கள் அனுப்ப, அவர்கள் அனுப்ப, மத்தியான ளுஹர் தொழுகைக்கும் பின்னேர அஸருக்கும் இடையில் ஒழுங்கை முழுவதும் பைகள் நடந்து திரியும். அடுத்த நாள் அதே பைகள் வாய்க்காலில் கிடக்கும், காகம் இழுக்கும், கடற்கரைப் பக்கம் பறக்கும். மிச்சம் யானைக்குப் போகும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிய பிறகு டீச்சரிடம் மெதுவாகச் சொன்னேன். “டீச்சர், குர்பான் இறைச்சிய பேக்கில போடாம கிண்ணத்தில குடுத்தா?”

அவர் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைப்பதில்லையாம். ஆனாலும் கண் விரிந்துவிட்டது. “நல்ல யோசனை அம்மா! மீள்பாவனை! கிண்ணம் திரும்பி வரும், அடுத்த வருஷமும் பாவிக்கலாம். எத்தின கிண்ணம் போனது, எத்தின வந்தது எண்டு ஒரு அட்டவணை போட்டுக் கொண்டு வாங்கோ.”

என் கலியாணத்துக்கு வந்த மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணங்கள் பன்னிரண்டு அலுமாரியில் இருந்தன. அடியில் இவருடைய பெயரின் முதல் எழுத்தும் என் பெயரின் முதல் எழுத்தும் வெட்டியிருக்கும். ஒழுங்கையில் நாங்கள் இறைச்சி அனுப்பும் வீடுகளும் சரியாகப் பன்னிரண்டு. இது அல்லாஹ் எழுதிவைத்த கணக்கு என்றே நினைத்தேன்.

பெருநாளன்று கடற்கரைத் தொழுகை முடிந்து, இறைச்சி வந்து, நானும் மகளும் கிண்ணங்களை நிரப்பினோம். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன, மாப்புள வீட்டுக்குச் சீர் கொண்டுபோறீங்களா?” என்று கேட்டார். மகள் இரண்டிரண்டாகச் சுமந்து கொடுத்துவிட்டு வந்தாள். கடைசி ஆளாக ராத்தா வீட்டுக்குக் கொடுத்தாள். அட்டவணையில் பன்னிரண்டு வரிக்கும் புள்ளடி போட்டாள்.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. மூச்சு விடுவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லையே, அதுமாதிரி. எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டோம். ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதும் வந்தால், கழுவி, அதற்குள் எதையாவது போட்டுத்தான் கொடுப்போம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது. வெறும் பாத்திரம் போகும் வீடுகள் இரண்டே இரண்டுதான். ஒன்று உம்மா வீடு, மற்றது கூடப்பிறந்தவள் வீடு. அங்கே முறை பார்ப்பதில்லை.

அஸருக்கு முன்பே கிண்ணங்கள் வரத் தொடங்கின. முதலாவதில் வட்டிலப்பம். இரண்டாவதில் பேரீச்சம்பழம். மூன்றாவதும் நான்காவதும் அவர்கள் வீட்டுக் குர்பான் இறைச்சி. நான் அனுப்பியதைவிடக் கூட. அடுத்ததில் மஸ்கட் இனிப்பு. அதற்கடுத்ததில் பொரித்த ஈரல். மாலையாகும்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவு மூடவில்லை.

“சுற்றாடலப் பாதுகாக்கிறம் எண்டு ஒரு கடையே நடத்துறாய் நீ,” என்றார் இவர், வட்டிலப்பத்தை வழித்துக்கொண்டே.

இரண்டு கிண்ணங்கள் அன்றைக்கு வரவில்லை. ஒன்றுக்குள் எதிர்வீட்டார் தங்களுடைய இறைச்சியைப் போட்டுக் கடற்கரை வீதியில் இருக்கும் சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாச்சி அதற்குள் வேறொன்றைப் போட்டு வேறெங்கோ அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, நான் வாழ்நாளில் கண்டிராத ஒரு பெண் கேற்றடியில் நின்றாள். “இது உங்கட கிண்ணமாம். அடியில எழுத்திரிக்காம். நாங்க எங்கட எண்டு நெனச்சி ரெண்டு நாள் வெச்சிருந்த” என்றாள். உள்ளே மருதமுனையிலிருந்து வந்த தொதல் பண்டம் இருந்தது. என் கிண்ணம் என்னைவிடக் கூட ஊர் பார்த்துவிட்டது.

அதோடு பதினொன்று. ராத்தா வீட்டுக் கிண்ணம்தான் மிச்சம்.

வியாழன் காலை ராத்தா மதிலடிக்கு வரவில்லை. பெருநாளைக்கு அடுத்த நாள்தானே, ஆட்கள் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வெள்ளியும் வரவில்லை. சனி வகுப்புக்கு லீவு. அன்று முழு நாளும் முற்றத்தில் நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்குமாறு சத்தம் கேட்டது. நான் இருமினேன். விளக்குமாறு நின்றது. பிறகு குசினிப் பக்கமாகப் போய்விட்டது.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியம். அட்டவணை முடியவில்லையே என்று மகளை அனுப்பினேன். “ராத்தாட கிண்ணத்தக் கேட்டு வாகா.” அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“நாளைக்குத் தாறாவாம்.”

“என்ன சொல்லிக் கேட்டாய்?”

“வகுப்புக்குக் கணக்கு முடிக்கணும், பதினொண்டு வந்திட்டு, உங்கட மட்டுந்தான் மிச்சமெண்டு சொன்னன்.”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. திங்களும் போனது.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் வீட்டு மச்சி என்னைப் பார்த்துப் பழகிக்கொண்டு தன் கிண்ணத்தில் பால்சோறு அனுப்பினார். சாப்பிட்டு, கழுவி, திருப்பி அனுப்ப எடுத்தேன். பெருநாள் பண்டமெல்லாம் முடிந்திருந்தது. சீனிப் போத்தலைத் திறந்தால் அடியில் கொஞ்சம்தான். பிஸ்கட் பெட்டி வெறுமை. அலுமாரியை இரண்டு தரம் திறந்து மூடினேன். கடைசியில் எங்கோ பின்னுக்குக் கிடந்த அரைப் பைக்கற் முந்திரிகைவற்றலைக் கண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று போட்டேன். போட்ட கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

இவருக்கு ஹாட்வெயார் கடையில் மாதச் சம்பளம் வருகிறது, குளிர்சாதனப் பெட்டியில் இறைச்சி இன்னும் நிறைந்திருக்கிறது, அப்படியிருந்தும் நான் ஒரு கிண்ணத்துக்கு ஐந்து நிமிடம் தடுமாறினேன். ராத்தா என்னத்தைப் போடுவார்? அவர்களும் குர்பான் கொடுத்த வீடுதான். கடை இருந்த காலத்தில் ராத்தா வீட்டுப் பைதான் ஒழுங்கையில் எல்லாவற்றிலும் கனமானது. கடை மூடிய பிறகு இரண்டு பெருநாளும் நாங்கள் பையில்தான் அனுப்பினோம். ராத்தா வாங்கினார், சமைத்தார், அடுத்த நாள் காலை, “புள்ள, உங்கட மாடு நல்ல இளசு” என்று மதிலால் சொன்னார். அவ்வளவுதான். பைக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. அந்த மெல்லிய பச்சைப் பை, யானையின் வாயில் தொங்கிய அதே பை, வாங்குகிறவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. டீச்சர் காட்டிய எந்தப் படத்திலும் இது இருக்கவில்லை. நான் கிண்ணத்தோடு ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். போதாததற்கு, பதில் எங்கே என்று பிள்ளையை விட்டும் கேட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு அட்டவணை முக்கியமில்லாமல் போனது. ராத்தா மறுபடி மதிலடிக்கு வருவாரா என்பதுதான் பெரிதாக இருந்தது. என்ன செய்வது? கிண்ணத்தை நீங்களே வைத்திருங்கள் என்று சொன்னால், உங்களிடம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும் என்று சொன்ன மாதிரி. வெறுமையாகத் தாருங்கள் என்றாலும் அதேதான். இரண்டு நாள் யோசித்து, வியாழக்கிழமை பின்னேரம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். மதிலால் கூப்பிடத் தைரியம் வரவில்லை. சுற்றிப் போய்க் கேற்றால் போனேன்.

ராத்தா குசினிப் படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“வா. கேற்றால வாறாய், பொண்ணுப் பாக்க வந்த ஆக்கள் மாதிரி.”

“ஒண்டுமில்ல ராத்தா. கொஞ்சம் முருங்க இல வேணும். அந்தக் கிண்ணத்திலயே போட்டுத் தந்தாச் சரி.”

ராத்தாவின் கத்தி நின்றது.

“ஏன், உங்கட பக்கத்துக் கொப்புக்கு என்ன நடந்த?”

“அதில... புழு ராத்தா.”

“புழுவோ?” ராத்தா கையைக் கழுவிவிட்டு எழும்பி வெளியே போய் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நேத்தும் ஒடிச்சாய். ஜன்னலால கண்டன். புழுவுள்ள இலயத்தான் மாப்புளைக்குச் சுண்டிக் குடுத்தியோ?”

என்னிடம் வேறு பொய் இருக்கவில்லை. ஒன்றைத்தான் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன்.

“பொய் சொல்லத் தெரியாத ஆக்கள் பொய் சொல்லப்படாது புள்ள. இரி.”

இருந்தேன். குசினித் தட்டில் என் கிண்ணம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தார்; நான் ஒருநாளும் அவ்வளவு பளிச்சென்று தேய்த்ததில்லை. ராத்தா அதைப் பார்க்காமல், அறுத்த மீனைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

“இறைச்சி நல்லாத்தான் இருந்த. ஆக்கித் திண்டம். அதுக்குப் பிறகு இந்தக் கிண்ணம் இரிக்கே, குசினிக்குள்ள குந்திக்கிட்டு என்னையே பாக்குது. பேக்கெண்டா எறிஞ்சிட்டு மறந்திருப்பன். இண்டைக்கு ஏதும் வரும், நாளைக்கு ஏதும் வரும், போட்டுக் குடுப்பம் எண்டு பாத்தன். மறுகா உன்ட மகள் வந்து பதினொண்டு வந்திட்டெண்டு கணக்குச் சொல்லுது.”

“அவளுக்குத் தெரியாது ராத்தா. நான்தான் பிழ. சும்மா தந்திருந்தாலும்...”

“சும்மாவோ? வெறுங்கிண்ணம் நீட்ட நான் என்ன உன்ட கூடப்பிறந்தவளா?”

அந்த இடத்தில் நான் ஓம் என்று சொல்லியிருக்கவேண்டும். இரண்டே எழுத்துதான். தொண்டை வரைக்கும் வந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டது. நான் அழத் தொடங்கியதைக் கண்டு ராத்தாவுக்குத்தான் பதற்றமாகிவிட்டது.

“சரி சரி, மீனுக்கு உப்புப் போதும், நீ கண்ணீர உடாத.” மீன் துண்டுகளைச் சட்டியில் போட்டுவிட்டு, “சனிக்கிழம வகுப்பில இதச் சொல்லணுமா?” என்று கேட்டார்.

“இல்ல ராத்தா. சொல்ல மாட்டன். பன்னிரண்டும் வந்திச்செண்டு சொல்லுவன்.”

“பொய் சொல்லத் தெரியாதெண்டு இப்பதானே சொன்னன். நடந்ததச் சொல்லு. பேரச் சொல்லாத. ஒழுங்கைய சொல்லாத. மத்ததெல்லாம் சொல்லு, அவங்களும் கேக்கட்டும்.” எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார். “வாற வருஷம் இலையில சுத்தித் தா. இலைக்கு மறுமொழி சொல்லத் தேவயில்ல. ஆடு திண்டுரும்.”

கிண்ணத்தைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை கடைசி வகுப்புக்கு மகளும் வந்தாள். உம்மா மேடையேறுவதைப் படம்பிடிக்கவேண்டும் என்று போனோடு முன்வரிசையில், தபால்காரக் காக்காவுக்குப் பக்கத்தில் இருந்தாள். மேடை ஒன்றும் இல்லை, வெறும் மேசைதான். எனக்கு அது போதும். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நிமிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மகளின் படத்தில் பார்த்தால், “பன்னிரண்டு கிண்ணம்... பன்னிரண்டு கிண்ணம்...” என்று நாலு தரம் சொல்கிறேன். பிறகு வட்டிலப்பத்தைச் சொன்னதும் சிரித்தார்கள். தொதலோடு வந்த பெண்ணைச் சொன்னதும் இன்னும் சிரித்தார்கள். சிரித்தால் கொஞ்சம் இலகுவாகத்தான் இருக்கிறது. பதினொன்று வந்தது என்றேன்.

“பன்னிரண்டாவதக் களவெடுத்திட்டாங்களா?” என்று கேட்டார் தபால்காரக் காக்கா. கை உயர்த்தவும் மறந்துவிட்டார்.

“இல்ல காக்கா. அவக்குப் போட்டுத்தர ஒண்டும் இல்ல. அதால அவ என்னோட கதைக்கல்ல.”

சிரிப்பு நின்றது. நான் அட்டவணையை மடித்துவிட்டேன். அதில் எழுதாததைத்தான் சொன்னேன்.

“பேக்கு கூடாதெண்டு எனக்குத் தெரியும். ஆனா பேக்கு அவக்கிட்ட ஒண்டும் கேக்கல்ல. நான் கேட்டுட்டன். அவ எனக்கு ராத்தா. வெறுங்கிண்ணம் தந்தா நான் ரெண்டு கையாலயும் வாங்குவன். அத அவக்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல.”

சொல்லிவிட்டு நேரே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் மூன்றுதான் போயிருந்தது. டீச்சர் சுவரில் ஒட்டியிருந்த தன்னுடைய விளக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் குறைத்தல், மீள்பாவனை, மீள்சுழற்சி என்று மூன்று அம்புக்குறிகள். பேனையைத் திறந்தார், மூடினார்.

“அப்ப வாற வருஷம் என்ன செய்வீங்க அம்மா?”

“இலையில சுத்திக் குடுப்பன் டீச்சர்.” உட்கார்ந்தபடியே சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இருக்கவில்லை. தேக்கிலை என்றார் ஒரு பெண். தேக்கிலையால் இரத்தம் ஒழுகும் என்றார் தபால்காரக் காக்கா. தாமரை இலை என்றால் ஒழுகாது, எங்கட கோயில் அன்னதானத்துக்கு அதுதான் என்று டீச்சரே சண்டைக்குள் இறங்கினார். அவ்வளவு தாமரை இலைக்கு எங்கே போவது, குளத்தில் இறங்க ஆளுக்கு என்ன கூலி, வாழையிலையை அனலில் வாட்டினால் கிழியாதே என்று ஆளுக்கொரு பக்கம். ஒருவர் தன் வளவில் நிற்கும் வாழைகளை எண்ணத் தொடங்கினார். சேர்ட்டிபிக்கேட் கொடுத்தது யாருக்கும் ஞாபகமில்லை. என்னுடையதில் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. திருத்தச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் காணவில்லை. அந்தி மஃரிபுக்குக் கொஞ்சம் முன்பு கேற்றால் வந்தாள்.

“எங்க போன?”

“ராத்தா வீட்ட. படத்தக் காட்டின.”

“யா அல்லாஹ்! என்ன சொன்னா?”

“ஒண்டும் சொல்லல்ல. ரெண்டு தரம் பாத்தா. உம்மா இவ்வளவு சத்தமாக் கதைப்பாவா எண்டு கேட்டா.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முற்றம் கூட்டி முடிந்த நேரம் ராத்தா மதிலுக்கு மேலால் கிண்ணத்தை நீட்டினார். மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. வாங்கி மற்றவற்றோடு அடுக்கினேன். மத்தியானம் முருங்கையிலைச் சுண்டல் வைத்தேன்.